'கிதனை' மட்டும் போதாது: ஜப்பானில் அழுக்கைப் பற்றிப் பேச

மொழிப் புத்தகத்தில் 'கிரெய்' என்றால் சுத்தம், 'கிதனை' என்றால் அழுக்கு என்று ஒரு ஜோடியைப் போட்டு முடித்திருப்பார்கள். அதை நம்பி வாடகை வீட்டிலும் ஓட்டலிலும் கிதனை, கிதனை என்று சொல்லிக்கொண்டு போனால், எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும். அந்தச் சொல்லில் அழுக்கோடு நம் 'ச்சீ'யும் சேர்ந்தே இருக்கிறது. கோழிக் கிறுக்கல் கையெழுத்தும் கிதனை. ஏமாற்றி ஜெயிப்பதும் கிதனை. காசு விஷயத்தில் அல்பமாக நடப்பவரும் கிதனை.

முதலில் உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் க, த, ப இரண்டு விதமாக ஒலிப்பதால் இங்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே வந்தாலும் கல், தலை, பல் என்பதில் வரும் ஒலிதான். முக்கிய விலக்கு இரண்டு. 'யொகொ' என்று தொடங்கும் சொற்களில் இரண்டாம் எழுத்து 'தங்கம்' ஒலி. கபி, அபுரா, பெதபெத என்பவற்றில் ப 'அன்பு' ஒலி. கிதனையை 'கித்தனை' என்று அழுத்திவிடாதீர்கள். அப்படி ஓர் உருவம் உண்மையிலேயே உண்டு, எரிச்சலில் சொல்வது.

கடைசியில் வரும் 'னை'யைப் பார்த்து அதை எதிர்மறை என்று நினைப்பவர்களும் உண்டு. அது சொல்லின் பகுதிதான். அழுக்கில்லை என்பதற்கு 'கிதனகுநை'. கிரெய் நேர்மாறு: 'இ'யில் முடிவதுபோல் கேட்டாலும் வேறு வகைச் சொல், அதனால் 'கிரெகுநை' தப்பு, 'கிரெய் ஜா நை' சரி.

அன்றாடம் உதவுவது 'யொகொரெரு' என்ற வினைதான். 'யொகொரெதெ இமஸ்' என்றால் 'அழுக்காயிருக்கு'. யாரையும் குறை சொல்லாமல் நிலைமையை மட்டும் சொல்கிறது. இதன் ஜோடி 'யொகொசு', அதாவது அழுக்காக்குவது. நமக்கு இது புதிதில்லை, ஆகு, ஆக்கு இரண்டுக்கும் உள்ள அதே வித்தியாசம். ஓட்டலில் டம்ளரின் விளிம்பில் லிப்ஸ்டிக் தடம் இருந்தால், 'சுமிமசென், கொரெ, யொகொரெதெ இமஸ். கஎதெ மொரஎமஸ் கா?' (மன்னிக்கணும், இது அழுக்காயிருக்கு, மாற்றித் தர முடியுமா?) போதும். 'கொரெ, கிதனை' என்றாலும் டம்ளர் மாறும், ஆனால் கடைக்காரருக்கு அது திட்டு.

இந்த ஜோடியில் தடுமாறினால் பணமும் போகும். வீட்டைக் காலி செய்யும்போது ஷிகிகின், அதாவது முன்பணம், எவ்வளவு திரும்பும் என்பது கறை யாரால் வந்தது என்பதைப் பொறுத்தது. 'யொகொஷிமஷித' என்றால் 'நான் அழுக்காக்கினேன்' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். முன்பே இருந்த கறைக்கு 'சைஷொ கர யொகொரெதெ இமஷித', ஆரம்பத்திலிருந்தே அழுக்காயிருந்தது. வாய்ச்சொல் மட்டும் போதாது. சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குமுன், சுவர் மூலை, ஜன்னல் சட்டம், சிங்க் அடி, தரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, தரகர் தந்த சரிபார்ப்புத் தாளில் எழுதிக் கொடுங்கள். அப்போதைய கட்டுமான அமைச்சகம் 1998-இல் வெளியிட்டு, பின்னர் நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் திருத்திய வழிகாட்டி நெறிகளின்படி, சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானமும் வெயிலில் சுவர்த்தாள் மங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் திருத்தமும் இதை உறுதி செய்தது. ஆனால் குளிர்காலத்தில் ஜன்னலில் வேர்க்கும் தண்ணீரைத் துடைக்காமல் விட்டுப் பரவிய பூஞ்சைக்கும், துடைக்காத அடுப்படி எண்ணெய்ப் பிசுக்குக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். தினமும் தாளிக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கணும்.

அழுக்கின் பெயரைச் சொல்லத் தெரிந்தால் கடையில் சரியான பாட்டிலையும் எடுக்கத் தெரியும், ஏனென்றால் க்ளீனர்களை அழுக்கின் பெயரைப் போட்டுத்தான் விற்கிறார்கள். குழாயடியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறை 'மிஜுஅக'. அதற்கு அமிலம் வேண்டும்: 'குஎன்சன்' என்ற சிட்ரிக் அமிலப் பொடி, 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். எண்ணெய்ப் பிசுக்கு 'அபுரா யொகொரெ'. அதற்குக் காரம், 'ஜூசோ' என்ற சமையல் சோடா. குளியலறை டைல்ஸ் இடுக்கில் கறுப்பாக ஏறும் பூஞ்சை 'கபி' (காபி இல்லை, காபிக்கு 'கோஹீ'). அதற்கு 'என்சொகெய்', குளோரின் வகை. அந்தப் பாட்டிலில் பெரிதாக 'மஜெருன கிகென்', கலக்காதே, ஆபத்து என்று அச்சிட்டிருக்கும். அதே இடத்தில் குஎன்சன் தெளித்த ஈரம் இருந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தவே வேண்டாம். தூசி 'ஹொகொரி', வடிகால் வலையில் பிடிக்கும் வழவழப்பு 'நுமெரி', அடிப்பிடித்த கறுப்பு 'கொகெ' (இரண்டாம் எழுத்து 'தங்கம்' ஒலி).

பெயர் மறந்துபோனால் இரட்டைக்கிளவி காப்பாற்றும். தமிழ் பேசுகிறவருக்கு இங்கே கிடைக்கும் சலுகை இது. பிசுபிசு என்பதற்கு பெதபெத, வழவழ என்பதற்கு நுருநுரு, சொரசொர என்பதற்கு ஜரஜர. தரையைத் தொட்டுக் காட்டி 'பெதபெத ஷிமஸ்' என்றால் பராமரிப்பு ஆளுக்கு உடனே புரியும். ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து விளக்குவதைவிட இது வேகம்.

துணிக்கறை 'ஷிமி'. சலவைக் கடையில் கறையைக் காட்டி 'கரெ நொ ஷிமி டெஸ். ஒச்சிமஸ் கா?' (குழம்புக் கறை, போகுமா?) என்று கேளுங்கள். 'ஒச்சிரு' என்றால் விழுவது. இங்கே கறை 'போவதில்லை', விழும். சாம்பார், ரசம் என்று விளக்க வேண்டியதில்லை, 'கரெ' என்றாலே மஞ்சள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். கொடுக்குமுன் வீட்டில் சோப்புப் போட்டால் காரம் பட்டு மஞ்சள் கறை சிவக்கும். பயந்து இன்னும் தேய்க்காதீர்கள், அலசினால் மறுபடி மஞ்சளாகும். மிச்ச மஞ்சள் வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும், பல்கனியில் இருக்கும் வெயிலே போதும்.

குப்பைக் கையேட்டிலும் இதே சொற்கள்தான். பல நகராட்சிகளில் பிளாஸ்டிக் உறையை லேசாக அலசி மறுசுழற்சிப் பையில் போட வேண்டும். 'யொகொரெ' போகாதவை எரிக்கும் குப்பையில் சேரும் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஊறுகாய் எண்ணெய் ஏறிய கவர் பெரும்பாலும் இந்த வகைதான். பால்வாடியிலிருந்து வரும் தாளில் 'யொகொரெதெ மொ ஈ ஃபுகு' என்றிருந்தால் அழுக்கானால் பரவாயில்லாத உடை என்று பொருள். அன்று மண்ணிலோ பெயிண்டிலோ விளையாட்டு, பட்டுப்பாவாடை வேண்டாம்.

யார் வீட்டுக்காவது போனால் வாசலிலேயே 'கிதனை தொகொரொ டெஸ் க...' (கடைசி எழுத்து 'தங்கம்' ஒலி, கேள்விக்கு வரும் 'கா' இல்லை) என்று இழுப்பார்கள், 'வீடு அலங்கோலமா கிடக்கு, வாங்க' என்று நாம் சொல்வதுபோல. தலையாட்டிவிடாதீர்கள். 'இஎ இஎ, கிரெய் டெஸ் நெ' என்பதே பதில். சாமான்கள் இறைந்து கிடப்பதற்குத் தனிச் சொல், 'ச்சிரகத்தெ இமஸ்'. அழுக்கும் அலங்கோலமும் அவர்களுக்கு வேறு வேறு.

எச்சிலுக்கு நேர்ச்சொல் கிடையாது. பகிர்ந்து சாப்பிடும்போது 'கொரெ, குச்சி த்சுகெமஷித', இதில் வாய் வைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும்.

தீட்டு இருக்கிறது, 'கெகரெ' என்று (நடு எழுத்து 'தங்கம்' ஒலி). எழுதும்போது யொகொரெவுக்கு வரும் அதே கான்ஜியாலும், அதாவது சீன வழி எழுத்தாலும், எழுதுவார்கள். சாவு வீட்டிலிருந்து வரும்போது சிலர் கையில் ஒரு சின்ன உப்புப் பொட்டலம் தருவார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று மேலே தூவிக்கொள்வதற்கு. எல்லாப் பௌத்தப் பிரிவும் இதைச் செய்வதில்லை, ஆகவே கிடைக்காவிட்டால் கேட்க வேண்டாம். கிடைத்ததைச் சமையலில் போட வேண்டாம்.