மசாய் மேய்ச்சல் குடும்பங்களுக்கு மாற்று எரிசக்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் கஜியாடோ, நாரோக் பகுதிகளிலும் தான்சானியாவின் மொண்டுலி, லொங்கிடோ பகுதிகளிலும் ஆடுமாடுகளை நம்பி வாழும் மசாய் குடும்பங்களுக்குச் சூரிய விளக்கு, சாண எரிவாயு, புகை குறைந்த அடுப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்ல விரும்புவோர், அந்த வீட்டின் ஒரு முழு நாளை விடியல் முதல் இரவு வரை உடனிருந்து பார்த்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்க்காததால் நேரும் தவறுகளே இங்கு நான் சொல்ல வருபவை.

மாட்டு எண்ணிக்கையைப் பார்த்தவுடன் சாண எரிவாயுக் கலன் கட்டத் தொடங்குவதுதான் இவற்றில் மிகப் பெரிய தவறு. நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு தரும் கலனுக்கு ஏறத்தாழ 50 கிலோ புதுச் சாணமும் அதே அளவு தண்ணீரும் தினந்தோறும் வேண்டும். மசாய் மாடுகளோ காலையில் கிளம்பிப் பொழுது சாயும்போதுதான் திரும்புகின்றன. பகல் சாணம் முழுவதும் புல்வெளியில் விழுந்துவிடுகிறது. பட்டியில் இரவில் விழுவதும் குளம்படியில் மிதிபட்டு மண்ணோடு கலந்துவிடுகிறது. வறட்சி வந்தால் மந்தை வெகுதூரம் போய் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. 2020 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான கால்நடைகள் மடிந்தபோது, சாணத்துக்கு எங்கே போவது?

தண்ணீரின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 50 லிட்டர் என்பது இரண்டரை கேன். அந்த மஞ்சள் நிற 20 லிட்டர் கேன்களைக் கழுதையின் மேலோ தம் முதுகிலோ சுமந்து வருபவர்கள் பெண்கள். கோடையில் அதற்கே பல மணி நேரம் நடக்கிறார்கள். விறகுக்கு நடக்கும் நடையை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி, நாள்தோறும் இன்னும் இரண்டரை கேனை அவர்கள் தலையில் கட்டுவதை உதவி என்று என்னால் ஏற்க முடியவில்லை. கொட்டிலில் கட்டி வளர்க்கும் கறவை மாடுகளும் மழைநீர்த் தொட்டியும் உள்ள, ஓரிடத்தில் நிலைத்துவிட்ட குடும்பங்களுக்கு இக்கலன் நன்றாகவே பொருந்தும்.

சமையலுக்குச் சூரிய அடுப்பைத் தருவதும் இதே வகைத் தவறுதான். மாடு கிளம்புமுன், இருள் பிரியாத வேளையில் பால் கலந்த தேநீர் கொதிக்க வேண்டும். அடுத்த பெரிய சமையல் மந்தை திரும்பிய பின்பு. இரண்டு வேளையிலும் வெயில் இல்லை. மேலும், கிளைகளை நட்டு மண்ணும் சாணமும் பூசிப் பெண்கள் கட்டும் அந்தத் தாழ்ந்த வீட்டில், அடுப்புத் தீதான் வெளிச்சமும் குளிர்காய்வும். ஒலொய்ரியன் என்னும் காட்டு ஒலிவ மரத்தின் தணலைக் கொண்டுதான் பால் வைக்கும் சுரைக்குடுக்கையைச் சுத்தம் செய்கிறார்கள். பாலுக்கு அந்த மணம் வேண்டும். ஆனாலும் சிறு துளை வழியாக மட்டுமே வெளியேறும் புகை, தாயின் கண்ணையும் மடியிலிருக்கும் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கிறது என்பதை மறக்கலாகாது. ஆகவே தீயை அப்படியே வைத்துக்கொண்டு புகையை மட்டும் வெளியேற்றும் புகைபோக்கி அடுப்பே ஏற்றது. அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் அந்தப் பெண்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். வீடும் அடுப்பும் அவர்களுடையவை என்பதால், மரத்தடியில் கூடும் ஆண்களின் ஒப்புதலோடு மட்டும் திட்டத்தை முடிவு செய்வது தவறு. அதே வேளையில், மாட்டை விற்கும் முடிவு பெரும்பாலும் ஆண்களிடம் இருப்பதால், செலவைப் பற்றி அவர்களிடமும் பேசித்தான் ஆக வேண்டும்.

சூரிய மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2007-இல் கென்யாவில் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை வந்த பிறகு கைப்பேசி வழியே சிறுகச் சிறுகப் பணம் கட்டுவது எளிதாகிவிட்டது. ஆனால் தினத் தவணை மசாய் வருமானத்தோடு ஒத்துப்போவதில்லை. கஜியாடோவில் உள்ள பிசில் போன்ற கால்நடைச் சந்தையில் ஓர் ஆட்டை விற்றால் மொத்தமாகப் பணம் வரும். பிறகு வாரக்கணக்கில் எதுவும் இருக்காது. தவணை தவறியதும் விளக்கு தானாக அணைந்துவிடும் கருவி, வறட்சிக் காலத்தில் அந்த வீட்டை மீண்டும் இருட்டில் தள்ளிவிடுகிறது. தவணையைச் சந்தை நாளுக்கும் விற்பனைப் பருவத்துக்கும் ஏற்ப அமைக்க வேண்டும்.

விளக்கு வீட்டுக்குள் மட்டும் போதும் என்று எண்ணுவதும் பிழை. நைரோபி தேசியப் பூங்காவின் ஓரத்தில் மாடு மேய்த்த ரிச்சர்ட் துரேரே என்ற மசாய் சிறுவன், அசையும் வெளிச்சத்தைக் கண்டு சிங்கம் அஞ்சுவதைக் கவனித்து, சூரியத் தகடு, பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு பட்டியைச் சுற்றி மினுங்கும் விளக்குகளை அமைத்தான். 2013-இல் உலகம் அதை அறிந்தது. எனவே எத்தனை விளக்கு, எங்கே என்று கேட்கும்போது பட்டியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கார் பேட்டரி கைக்குக் கிடைத்தால் உதவும். ஆனால் அடியோடு வடியும்வரை தினமும் பயன்படுத்தினால் விரைவில் செத்துவிடும். சூரிய மின்சாரத்துக்கென உள்ள பேட்டரியோடு, அது அளவுக்கு மீறி ஏறாமலும் வடியாமலும் காக்கும் சார்ஜ் கட்டுப்படுத்தியையும் சேர்த்தே தர வேண்டும். தகட்டை மண்கூரையில் நிலையாகப் பதிக்காமல், இடம் பெயரும்போது கழற்றிக் கழுதையில் ஏற்றக்கூடியதாக வைப்பது நல்லது. மந்தை கிளப்பும் புழுதி அதன்மேல் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதைத் துடைப்பது யார் பொறுப்பு என்பதையும், பழுதானால் எந்தச் சந்தையில், யாரிடம் கொண்டுபோவது என்பதையும் கொடுக்கும் நாளன்றே சொல்லிவிட வேண்டும்.