போக்கிமோன் வழியே ஜப்பானியச் சொற்கள்: வீட்டில் செய்யக்கூடாதவை

போக்கிமோன் வீடியோ விளையாட்டை ஜப்பானிய மொழியில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை தானாகவே சொற்களைப் பிடித்துக்கொள்ளும் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சில வீடுகளில் முயன்று பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முதல் நாளே அழுகையில் முடிவதும் உண்டு. காரணம், 2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளில் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த மொழியைப் பாதியில் மாற்ற முடியாது, ஒரு பயனருக்கு ஒரே சேமிப்புதான், வேறு மொழியில் ஆட வேண்டுமென்றால் பிள்ளை வளர்த்து வைத்த அத்தனையையும் அழிக்க வேண்டும். அழிக்காதீர்கள். அதே ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் இன்னொரு பயனரைத் திறந்தால் போதும். மொழி கேட்கும்போது சீன எழுத்து கலந்ததை விட்டுவிட்டு, கானா என்ற ஜப்பானிய ஒலி எழுத்து மட்டும் வருவதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஆடி முடித்த விளையாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, கதை தெரியும் என்பதால் பாதி அர்த்தத்தை அதுவே ஊகித்துவிடும்.

விளையாட்டில் வரும் போக்கிமோன் உயிரினங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைச் சொல் கற்பதாகக் கணக்கு வைக்காதீர்கள். அந்தப் பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல், முக்கால்வாசி ஒட்டுப்போட்டுச் செய்தவை. அந்த உயிரினங்களைப் பிரிக்கும், திரும்பத் திரும்ப வரும் வகைப் பெயர்கள்தான் சரக்கு: மிஸு தண்ணீர், குசா புல், இவா பாறை, முஷி பூச்சி. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி நேராக வராது. சேமிக்கும் இடத்தில் ஜப்பானியத்தில் 'ரெப்போட்டோ' என்றிருக்கும், அது ஆங்கில ரிப்போர்ட்தான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பையன் வீட்டுப்பாட நோட்டைப் பையில் வைத்துவிட்டு "ரெப்போட்டோ பண்ணிட்டேன்" என்கிறான்!

எனக்குப் பெரிதாகப் படுவது, அர்த்தத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அது வீண் சுற்று. 'மிஸு ஓ நொமு' என்பதை அப்படியே 'தண்ணீரைக் குடி' என்ற வரிசையில் வைக்கலாம், அந்த 'ஓ' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் நிற்கிறது. குறில் நெடிலும் அப்படித்தான்: ஒபசன் சித்தி, ஒபாசன் பாட்டி. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துப் படிக்கவிடாதீர்கள். சாவிக்கும் (kagi) சீமைப் பனிச்சம் பழத்துக்கும் (kaki) ஜப்பானியத்தில் உள்ள வேறுபாடு நடுவில் வரும் ககரம் மெலிந்து ஒலிக்கிறதா வலிந்து ஒலிக்கிறதா என்பதில் மட்டும்தான், நாம் எழுதினால் இரண்டும் 'ககி'. கானாவில் ஒரு வகையான ஹிரகானாவில் அடிப்படை 46 எழுத்து. 247-ஐத் தாண்டி வந்த பிள்ளைக்கு அது என்ன பெரிய மலையா?

அப்புறம், சண்டை நடக்கும்போது நிறுத்தி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அடுத்த நாள் விளையாட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். சாப்பிடும்போது கேளுங்கள், இல்லையென்றால் பிள்ளையையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் விடுங்கள், அந்தச் சொல் மறுபடி திரையில் வரும்போது காட்டிக்கொள்ளலாம்.