பெட்டரி லைட் எரிந்தால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

மழை பிடித்தால் போதும், எங்கள் வேனின் டேஷ்போர்டில் பெட்டரி லைட் மங்கலாக எரியும். ஹெட்லைட் போட்டால் இன்னும் கூடும். பெட்டரியை மாற்றச் சொன்னார்கள், அப்புறம் எஞ்சின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார்கள். இரண்டிலும் குறையில்லை. கோளாறு, எஞ்சினையும் பொடியையும் (வண்டியின் உலோக உடலையும்) இணைக்கும் எர்த் வயரில், அதாவது மின்சாரம் பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதையில் இருந்தது. தென்மேற்குப் பருவ மழையிலும் பனிமூட்டத்திலும் ஓடும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வண்டிகளில் இந்த இணைப்பு பச்சை பூத்துக் கிடப்பதை இன்றும் பார்க்கிறேன்.

லைட்டின் நிறம் முக்கியம். மஞ்சள் என்றால் பொதுவாக வீடு வரை மெதுவாக ஓட்டலாம். சிவப்பு ஓயில் லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஏற்றத்தில் மட்டும் மின்னி மறைந்தாலும் ஓயில் குறைந்திருக்கலாம், எஞ்சினில் செருகியிருக்கும் ஓயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். இறம்பொடை இறக்கத்தில் பிரேக் லைட் மின்னினால் பிரேக் ஓயில் மட்டத்தைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்கும், வண்டி முன்சாயும்போது சென்சர் அதைக் காட்டிக் கொடுக்கும்.

பெட்டரி லைட்டுக்கு வருவோம். வோல்ட் அளக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள், மலிவானதே போதும். பல்ப் வைத்த டெஸ்டரை நான் நம்புவதில்லை. மின்சாரம் இருக்கிறதா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

1. காலையில் எஞ்சினை இயக்கும் முன் பெட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி.

2. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் பெல்ட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், பல எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது.

3. பலர் கோட்டை விடுவது இங்கேதான். எர்த் வயரை, இணைப்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் 'பீப்' சத்தம் வைத்துச் சோதிக்காதீர்கள். பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சினாலும் பீப் அடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள். குமிழைக் கவ்வும் கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் குறை தெரியாது. சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொடுங்கள். பிறகு பொடியிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது.

4. எஞ்சினை நிறுத்தி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள். வெள்ளைப் பூப்பை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சேண்ட் பேப்பரால் தேயுங்கள். இறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள். மைனஸைக் கடைசியாக மாட்டி, மீண்டும் அளந்து பாருங்கள்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள். செம்புக் கம்பி சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், தன் சுசுகி வேகன்-ஆரில் ஓடும்போது 12.8 தான் வருகிறது என்று பதறினார். எனே-சார்ஜ் (Ene-Charge) என்ற சுசுகியின் சார்ஜ் முறை உள்ள வண்டிகளில் வேகம் குறையும்போதுதான் சார்ஜ் அதிகம் ஏறும், ஆகவே இரண்டாம் படியின் அளவு அவற்றுக்குப் பொருந்தாது. ஹைபிரிட் வண்டிகளில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே வேண்டாம், அதில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடுகிறது.