பில் கட்டுகளைக் குறைக்க ஒரு வழி

அலுவலகத்தில் காகிதக் கோப்புகளைக் குறைக்க நினைப்பவர்கள், பழைய பீரோவைத் திறந்து பத்தாண்டுக் கட்டுகளை ஸ்கேன் செய்யத் தொடங்குவது வழக்கம். பாதியில் அலுத்துப்போய் விட்டுவிடுவதும் வழக்கம். அதைவிட, ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதன்பின் வரும் பில்களை மட்டும் வந்த அன்றே ஸ்கேன் செய்வது நல்லது. வெப்பத்தாளில் அச்சாகும் பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். ரசீதுகள் வெயில் பட்டால் விரைவில் மங்கி வெற்றுத் தாளாகிவிடும் என்பதால், அவற்றுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில் பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் போதும். கோப்பின் பெயரை ‘2025-04-17_மின்கட்டணம்’ என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் இட்டால், கணினி தானாகவே தேதிவாரியாக அடுக்கிவிடும். ‘ஸ்கேன்1’, ‘புதிய ஸ்கேன்’ என்றெல்லாம் பெயரிட்டால், தேடும்போது காகிதக் கட்டே மேல் என்று தோன்றிவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குப் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதால், தனி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதியும் இருப்பது அவசியம். சொத்துப் பத்திரம், உயில், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் அசலை மட்டும், ஸ்கேன் இருக்கிறதே என்று எண்ணிக் கிழித்துவிடக் கூடாது.