பார்சர் ஜெனரேட்டர் கொட்டும் இஃப்களைக் குறைப்பது எப்படி

ஹட்டனில் இருந்து நான் பராமரிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று, தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் (ஆட்களின் வேலையைப் பதியும் ஏடு) வரிகளைப் படித்துச் சம்பளக் கணக்குக்கு அனுப்பும். ஆள் இலக்கம், பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா அரைநாளா), கொழுந்து எத்தனை கிலோ, இருந்தால் கைக்காசு. ஒரு வரியில் அவ்வளவுதான். அந்த வரிகளைப் பிரித்துப் படிக்கும் பார்சரை ஆன்ட்லர் 3 என்ற பார்சர் ஜெனரேட்டர்தான் எழுதித் தருகிறது. ஆனால் அது தரும் ஜாவா கோப்பைத் திறந்தால் இஃப்புக்குள் (நிபந்தனைச் சோதனைக்குள்) இஃப், அதற்குள்ளும் இஃப்.

அந்தக் கோப்பில் கை வைக்காதீர்கள். அடுத்த பில்டில் திருத்தியதெல்லாம் போய்விடும். வரியின் அமைப்பைச் சொல்லி நாம் எழுதும் கிராமரில் திருத்துங்கள்; அது போதாவிட்டால், ஜாவாவை எந்த வடிவில் எழுதுவது என்று ஆன்ட்லருக்குச் சொல்லும் டெம்ப்ளேட்டில்.

கிராமர் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

வேலை : பேர் கிலோ | பேர் கிலோ கைக்காசு ;

நடுக்கோடு என்றால் 'அல்லது'. இரண்டு வழிக்கும் முதல் இரண்டு டோக்கன் (வரியின் துண்டு) ஒன்றே. எந்த வழி என்று தெரிய மூன்றாவது டோக்கன் வரை எட்டிப் பார்க்க வேண்டும்; அதனால்தான் அடுக்கடுக்காய் இஃப். பொதுவானதை வெளியே எடுத்தால் ஒரு டோக்கன் பார்த்தால் போதும் (கேள்விக்குறி என்றால் 'இருந்தால்'):

வேலை : பேர் கிலோ கைக்காசு? ;

கிராமரின் ஆப்ஷன்ஸ் பகுதியில் பேக்ட்ராக் (ஒரு வழியை முயன்று, தோற்றால் திரும்பி அடுத்ததை முயல்வது) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டோக்கன் பொருத்தும் இடமெல்லாம் 'தோற்றதா? திரும்பு' என்று ஒரு சோதனை, கிராமருக்குள் நீங்கள் எழுதிய ஜாவா ஆக்‌ஷனுக்கு முன்னால் இன்னொன்று. அதை ஆஃப் செய்தால் இவை கூட்டமாய்ப் போய்விடும். பதிலுக்குக் எந்த வழி என்று முடிவாகவில்லை என்ற எச்சரிக்கைகள் வரலாம். வரட்டும், இன்னும் எங்கே பொதுவானதை வெளியே எடுக்கவில்லை என்று அவையே காட்டிவிடும்.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது இது:

தெரிவு = 2
அடுத்தது கைக்காசு என்றால் தெரிவு = 1
தெரிவு 1 என்றால் கைக்காசைப் பொருத்து

நடுவில் அந்த மாறி எதற்கு? 'அடுத்தது கைக்காசு என்றால் பொருத்து' என்று ஒரே வரியில் வரும்படி டெம்ப்ளேட்டை மாற்றலாம்.

'பொருத்து' உள்ளே போனால் அதே டோக்கனை மறுபடி சோதிக்கிறது. தராசில் எடை பார்த்த கூடையை இறக்காமலே இன்னொரு தரம் நிறுப்பது மாதிரி. சோதனை இல்லாமல் டோக்கனை விழுங்கும் கன்ஸ்யூமை அங்கே போடத் தோன்றும். போடலாம், ஆனால் பொருத்து இன்னொரு வேலையும் செய்கிறது: 'பிழையிலிருந்து மீள்கிறேன்' என்ற கொடியை இறக்குகிறது. கொடி ஏறியிருக்கும் வரை ஆன்ட்லர் புதுப் பிழைகளைச் சொல்லாது. கன்ஸ்யூம் மட்டும் போட்டால், ஒரு வரியில் பிழை வந்தபின் அடுத்த பிழை சத்தமில்லாமல் நழுவலாம். சம்பளக் கணக்கில் அது வம்பு. கொடியை இறக்கும் வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

கடைசி எல்ஸில் பிழை எறியும் பகுதியை நான் தொடுவதில்லை. அதை எடுத்தாலும் தவறான வரியைப் பொருத்து பிடித்துவிடும்தான். ஆனால் 'எந்த வழியும் பொருந்தவில்லை' என்று வந்த செய்தி 'இந்த டோக்கனை எதிர்பார்த்தேன்' என்று மாறும். பேரும் வரலாம், அரைப்பேரும் வரலாம் என்ற இடத்தில் ஒன்றை மட்டும் சொன்னால் செக்ரோல் எழுதுபவர் தேவையில்லாமல் அதைத் தேடுவார்.

வேகம் கூடும் என்று இதைச் செய்யாதீர்கள். இதில் பலதை ஓடும்போதே கோடைச் சீராக்கும் ஜாவாவின் ஜிட் கம்பைலரே கழித்துவிடும். டீபக்கரில் அடி அடியாய்ப் போகும்போதுதான் லாபம் தெரியும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கோப்புகளை ஓட்டி, பார்சர் கட்டும் மரத்தையும் பிழைச் செய்திகளையும் டிஃப்பில் ஒப்பிடுங்கள். நல்ல வரிகள் மட்டும் போதாது: கிலோ விட்டுப்போனது, பேர் இரண்டு தரம் வந்தது, அடுத்தடுத்து இரண்டு வரி கெட்டது எல்லாம் வேண்டும். கொடி இறங்காததை அந்தக் கடைசி வகைதான் காட்டிக்கொடுக்கும்.