வீட்டோடு இருக்க முடிவெடுத்த பெண்பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் டிகிரி முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கும் பெண்பிள்ளைகள் சிலர் உண்டு. யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டை நடத்தப் பழக வேண்டும், ஆண்டவர் குடும்பம் ஒன்றைத் தரும்போது அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்பி எடுத்த முடிவு. நானும் அந்த வயதில் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் அது நல்ல வழி என்றே நம்புகிறேன். ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து இவர்களோடு பேசும்போதெல்லாம், நான் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குவது தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அதிகாலையில் எழுவது, போனைக் குறைப்பது, குடும்ப ஜெபத்தை விடாமல் இருப்பது பற்றியெல்லாம் உங்கள் அம்மாவே தினமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்க வீட்டைப் பார்த்து நம் வீட்டை நடத்துவது

இப்போது பல பிள்ளைகளுக்கு இந்த ஆசையே வீடியோ பார்த்துத்தான் வருகிறது. அமெரிக்காவில் சில கிறிஸ்தவக் குடும்பங்களில், மகள் கல்லூரிக்குக்கூடப் போகாமல், கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் வீட்டிலேயே அவருடைய காரியங்களுக்குத் துணையாக இருக்கும் வழக்கம் உண்டு. நீளப் பாவாடை, வீட்டிலேயே சுட்ட ரொட்டி, வெள்ளைச் சமையலறை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் வேதத்தின்படியான பாரம்பரியம், நம்முடையது அதில் கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கத் தொடங்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண்களின் பாரம்பரியம் என்ன என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கி இருநூறு வருடம் தாண்டிவிட்டது. 1820-களில் அந்த மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்த லேஸ் பணத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்காக நம் பெண்கள் பட்ட பாடு 1859 அரச அறிவிப்பு வரை நீண்டது. பனங்காட்டு ஊர்களில் ஆண்கள் பதநீர் இறக்கினால், அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியது பெண்கள்தான். வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டே குடும்பத்தின் பாதிப் பாரத்தைச் சுமந்தவர்கள் இவர்கள். முன்மாதிரி வேண்டுமென்றால் உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். போனில் தேட வேண்டியதில்லை.

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

இதைப் பற்றிப் பேசும்போது இன்னமும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

விளவங்கோடு தாலுகாவில் எனக்குத் தெரிந்த ஒருத்தி. இரண்டு அண்ணன்மார், ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில். இவள் விரும்பி வீட்டோடு இருந்தாள். அம்மா இறந்தார். அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வருடக்கணக்கில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டினாள். படுக்கைப்புண் ஒன்றுகூட வரவிடவில்லை. அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய ஊழியம் என்று.

அப்பாவை அடக்கம் செய்த அதே வாரத்தில் அண்ணன்மார் அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். லீவு முடிகிறது, ஃப்ளைட் இருக்கிறது. "மக்களே, ஒரு கையெழுத்துதான். உனக்குத்தான் அப்பா நகை எடுத்து வச்சிருக்காருல்லா." அவள் போட்டாள். அது விடுதலைப் பத்திரம். வீட்டிலும் ரப்பர் தோட்டத்திலும் தனக்கிருந்த மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டதாக எழுதிக்கொடுத்திருக்கிறாள். வீடு கைமாறியது. இப்போது மயினி (அண்ணன் மனைவி) வீட்டில் ஒரு பின்னறையில் இருக்கிறாள். சோப்பு வாங்கக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அண்ணன்மார் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட, அடக்கத்துக்கு வந்து நின்ற எங்கள் எல்லார் மேலும் இருக்கும் கோபம் பெரிது. ஜெபம் பண்ணினோம், காப்பி குடித்தோம். ஒரு ஆள்கூட அவளிடம், பத்திரத்தைப் படித்துப் பார் என்று சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சில பிரிவினருக்கு மட்டும் இதில் விலக்கு இருந்தது. மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கு இருப்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமம். அம்மா இல்லையென்றால் மொத்தமும் பிள்ளைகளுக்குள் சமம்.

சீதனம் வாங்கியாச்சே, அப்புறம் பங்கு எங்கே என்பார்கள். படித்தவர்களே இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. உயில் இல்லாதபோது, அப்பா உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அண்ணனை எம்.பி.பி.எஸ். படிக்கவைத்த பணத்தைக் கழிக்காத மாதிரியே உங்கள் நகையையும் கழிக்க முடியாது.

அண்ணன் தம்பியோடு சண்டை போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கஷ்டப்படும் தம்பிக்கு மனமுவந்து பங்கை விட்டுக்கொடுத்த அக்காக்களை எனக்குத் தெரியும், அவர்களை மதிக்கிறேன். அவர்கள் எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று தெரிந்து கொடுத்தார்கள். நீங்களும் தெரிந்து செய்யுங்கள். துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். நகலை வாங்கி, நிதானமாகப் படித்து, வெளியாள் ஒருவரிடம் காட்டுங்கள். பதிவான பத்திரத்தை ரத்துசெய்ய வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவசச் சட்ட உதவி உண்டு.

இதைவிட நல்லது, அப்பா நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவது. "எனக்குப் பிறகு நீ எங்கே இருப்பாய்?" என்ற கேள்வியை அவரே கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். உயில் எழுதலாம், அல்லது உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதலாம். உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவுசெய்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: நமக்குள்ள சட்டப்படி, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எழுதிய சொத்து சேராது. அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியதும் சேராது. பக்கத்தில் இருக்கிறாயே என்று உங்களையே சாட்சியாக்கிவிடப் போகிறார்கள்.

அப்பாவிடம் சொத்துப் பேச்செடுப்பது பக்திக்கு ஒவ்வாது என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். எண்ணாகமம் 27-ஐ எடுத்துப் படிக்கச் சொன்னேன். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்னால், ஆசாரியனுக்கு முன்னால், சபையார் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, அப்பாவின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார். கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது இந்த அதிகாரத்தையும் வாசித்தால் நன்றாக இருக்கும்.

கைத்தொழிலை இலவசமாக்குவது

வீட்டில்தானே இருக்கிறாய் என்று சொந்தக்காரர் எல்லாரும் ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து போடுவார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் உங்கள் கையால்தான் வேண்டும் என்பார்கள். ஏழைக்கும் விதவைக்கும் தைத்துக்கொடுங்கள், வேதத்தில் வரும் தொற்காள் அப்படித்தான் செய்தாள். வசதியுள்ள சித்திக்குக் கூலி சொல்லுங்கள். நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீ துணி நெய்து விற்கிறாள், தன் சம்பாத்தியத்தில் தோட்டம் போடுகிறாள். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் கற்றுக்கொடுத்த தேனீ வளர்ப்பு இன்றும் ரப்பர் தோட்டத்து வீடுகளில் நடக்கிறது; வீட்டோடு இருப்பவர்களுக்கு அது நல்ல தொழில். வரும் பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் விழட்டும். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், குற்றமில்லை.

சபையில் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் இருப்பது

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகைக் கணக்கு என்று எல்லாம் ஒரே பிள்ளையின் தலையில் வந்து விழும். ஏதாவது ஒன்றை எடுத்து நன்றாகச் செய்யுங்கள். சாயங்காலம் வீட்டில் பாட்டிக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லாமல் நீங்கள் கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தால், எதற்காக வீட்டோடு இருக்கிறீர்கள்?

வந்த முதல் வரனுக்குத் தலையாட்டுவது

அப்பாவுக்குக் கீழ்ப்படிவது வேறு, பிடிக்காதவனைக் கட்டுவது வேறு. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிக்கை வாசிப்பது தடை இருந்தால் சொல்வதற்குத்தான். ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு யாருக்கும் வாய் திறக்காது. பெண் பார்க்க வந்து போன அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பவன் கணக்குப் பேசும் வீடு என்றால் அப்போதே எழுந்துவிடலாம். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம்.

சான்றிதழ்களை மறப்பது

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். வேலைக்குப் போகாவிட்டாலும்.

வேலைக்குப் போகும் பெண்களைக் குறைவாக எண்ணுவது

கூடவே கூடாது. நம் ஊர் நர்ஸ் அக்காமார் வெளிநாட்டில் இராத்திரி டியூட்டி பார்த்து அனுப்பும் பணத்தில்தான் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது.

நகையை மொத்தமாக ஒப்படைப்பது

பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு லாக்கரும் உங்கள் பெயரில், இல்லாவிட்டால் இருவர் பெயரிலும். சாவி உங்களிடம்.