மலைப் பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுபோகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நீலகிரிப் பழங்குடிகளின் இசையை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய இப்போது நிறைய ஆசிரியர்கள் ஆசைப்படுகிறார்கள். ரொம்ப நல்லது. ஆனால் ஆர்வக் கோளாறில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, எல்லாவற்றையும் 'மலைவாசிப் பாட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் அங்கே இருக்கிறார்கள். பேச்சும் வேறு, இசையும் வேறு. கோத்தர்களிடம் கொள் என்ற ஊதுகருவியும் கொம்பும் மேளங்களும் முன்னால் நிற்கும். தோடர் பாட்டில் சொல்லுக்குத்தான் மதிப்பு, ஒரு தொடரைப் பாடினால் அதற்கு ஜோடியான இன்னொரு தொடர் வந்தே ஆகவேண்டும், எருமையையும் மந்து என்ற தங்கள் ஊரையும் மனிதர்களையும் பற்றி அப்படித்தான் கட்டிக்கொண்டு போவார்கள். 1930களில் நீலகிரியில் ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ இந்தப் பாடல்களைத் தொகுத்து 1971இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. மெட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக, அது எப்போது வாசிக்கப்படுவது என்று கேட்காமல் ஆண்டு விழா மேடையில் ஏற்றிவிடுவது. கோத்தர்களிடம் சாமிக்கு வாசிக்கும் மெட்டுகள் தனி, சாவுக்கு வாசிக்கும் மெட்டுகள் தனி. சாவு மெட்டைச் சும்மா பொழுதுபோக்குக்காக வாசிப்பது அவர்களுக்குப் பெரும் சங்கடம். ஒரு காலத்தில் தோடர் வீட்டுச் சாவுகளுக்கும், அதே மலையில் வாழும் படுகர் வீட்டுச் சாவுகளுக்கும் கோத்தர்கள்தான் போய் வாசித்தார்கள், அதனால் இந்த இசைக்குப் பின்னால் அக்கம்பக்கத்து உறவும் ஒரு வரலாறும் இருக்கிறது. மெட்டை மட்டும் உருவி எடுத்து எட்டு எட்டாக எண்ணி அடி வைத்து ஆடச் சொன்னால் அந்த வரலாறு பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது.

அப்புறம், ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு பாட்டின் சுருதியைச் 'சரிசெய்வது'. கேரளத்து அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சம்மாவுக்கு 2020ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோதுகூட, சுருதி, பயிற்சி என்று சொல்லிக் குறை பேசியவர்கள் உண்டு. அந்த அளவுகோலை வகுப்புக்குள் விடாதீர்கள். முதலில் நாலைந்து முறை கேட்கவிடுங்கள், குரல் எங்கே வளைகிறது, மேளம் எங்கே இறுகுகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இலை தழை கட்டி, முகத்தில் கோடு போட்டு மேடையேற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

'அந்தக் காலத்தில் இப்படிப் பாடினார்கள்' என்று இறந்தகாலத்தில் பேசுவதும் தப்பு. கோத்தர் ஊர்களில் இன்றைக்கும் திருவிழாவுக்குக் கொள் ஊதுகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்தால் போக்குவரத்துச் செலவோடு சன்மானமும் கொடுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். வீடியோ எடுப்பதற்கும் அதை இணையத்தில் ஏற்றுவதற்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு சரி.